வெண்ணெயில் ஒரு கோடு

அந்த வருஷம் கோடையிலும் கடல்பனி விலகவில்லை.
புல் முளைக்க யோசித்தது.
என் ஆடுகள் ஏழு.
விடியலில் போய்ப் பார்த்தால் ஏழு மடியும்
கழற்றிப் போட்ட கையுறைபோல் தொங்கும்.

உன் வீட்டில் மட்டும், தோர்கட்லா,
மத்துச் சத்தம் ஓயவில்லை.
இருந்த ஒரே பசுவும்
கிறிஸ்துமஸுக்கு முன்பே செத்துப்போன வீடு.

ஊருக்கே தெரிந்த கதைதான்.
புதைகுழியிலிருந்து ஒரு விலா எலும்பு.
சுற்றுவதற்குத் திருட்டுக் கம்பளி, சாம்பல் நிறத்தில்.
மார்புக்கு நடுவே வைத்து
மூன்று ஞாயிறு திருவிருந்து ரசத்தை
விழுங்காமல் அதன்மேல் துப்ப வேண்டும்.
முதல் வாரம் அசையாது.
இரண்டாம் வாரம் நெளியும்.
மூன்றாம் வாரம் துள்ளும்.
பிறகு அதற்கென்று
தொடையின் உட்புறம் ஒரு காம்பு.
தில்பெரி என்போம்.
அடுத்தவள் ஆட்டில் குடித்துவந்து
ஜன்னலடியில் நின்று கூப்பிடுமாம்:
அம்மா, வயிறு நிறைஞ்சிருச்சு.

ஆண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.
காம்பு வரும் இடத்தில்
எந்தப் பெண்ணும் சிரித்து நான் பார்த்ததில்லை.

வெந்நீர் ஊற்றில் துவைத்த அன்று
உன் பாவாடை விலகியது.
இடத்தொடையில், மச்சத்தைவிடப் பெரிதாக,
பிள்ளை வாயெடுத்த நிறத்தில்.
நீ அவசரமாக மூடவில்லை.
நான் பார்த்ததை நீ பார்த்தாய்.
பிறகு ஒரு போர்வையின் இரு முனையைப் பிடித்து
நீ வலமாக, நான் இடமாக முறுக்கினோம்.
தண்ணீர் கொட்டி முடியும்வரை
பேச்சில்லை.

புதிய புதைகுழி
ஊரில் அந்த வசந்தத்தில் ஒன்றுதான் இருந்தது.
என் புருஷனுடையது.
உயிரோடு இருந்தபோது ஆஸ்பியோர்ன்
யாருக்கும் ஒரு வாய்ப் பால் கொண்டுவந்ததில்லை.

ஷெரீஃப் வந்தார்.
ஆணின் விலாவில் பெண் பிறந்ததை வாசித்த
அதே தேவாலய வாசலில்
உன் வெண்ணெய்த் தொட்டியை வைத்தார்கள்.
சிலுவை போட்டால்
சூனிய வெண்ணெய் நுரையாகிவிடும்.
"பால் பறிகொடுத்தவள் போடட்டும்"
என்றார் போதகர் ஏயோல்ஃபூர்.
எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள்.
உன் ஐந்து பிள்ளைகளும்.
அந்த வருஷம் கன்னத்தில் சதை இருந்த
ஐந்தே பிள்ளைகள்.

பெற்ற மனம் பித்து என்கிறார்கள்.
எந்தப் பித்து என்று ஒருவரும் கேட்பதில்லை.
மார்ச்சில் ஓர் இரவு
என் ஸ்தெய்னுன் வறண்ட மார்பைக் கடித்துக் கடித்து அழுதாள்.
அவளைக் கதவோரம் கிடத்திவிட்டு
நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.
அழுகை நின்றது. எழவில்லை.
விடிந்தபோது உயிரோடிருந்தாள்.
எனக்கு வந்தது நிம்மதி இல்லை.

கோடு கிழித்தேன், மேலிருந்து கீழாக.
குறுக்குக்கோட்டுக்கு விரல்
வெண்ணெயைத் தொடாமல் போனது,
மயிரிழை உயரத்தில்.
ஆனாலும் முதல் கோட்டின் ஓரம்
கடுகளவு நுரை கிளம்பியது.
கட்டைவிரலால் நசுக்கி
வாயில் வைத்துக்கொண்டேன்.
என் ஆட்டு வாசம்.
"வெண்ணெய்தான்" என்றேன்.

நீ நன்றி சொல்லவில்லை.
ஒரு கட்டி வெண்ணெய்கூட அனுப்பவில்லை.
சரிதான்.
ஆனால் மறுநாள் என் ஆடுகளில் இரண்டின் மடி
கனமாக இருந்தது.

அடுத்த இலையுதிர் காலத்தில் உனக்கு வயிறு தெரிந்தது.
மார்பில் பால் ஊறினால் அது மேலேறி வரும்,
உன்னை உறிஞ்சித் தீர்க்கும்.
பால்குடி மறக்கடிக்க மற்றவர்கள் கசப்பு தடவுவார்கள்.
நீ வேலை சொல்லி அனுப்பினாய்:
மூன்று மலைமேய்ச்சலின் புழுக்கையையும்
பொழுது சாய்வதற்குள் பொறுக்கி வா, என் கண்ணே.
அம்மா சொன்னால் தட்டாத பிள்ளை.
அன்று இரவு உன் வீட்டில்
நாய் ஊளையிடுவதாக எல்லோரும் நினைத்தார்கள்.
உங்களிடம் நாய் கிடையாது.

நேற்று மேட்டில்
இரண்டு குவியல் புழுக்கை, மூன்றாவது பாதி.
பக்கத்தில் வெளுத்த விலா எலும்பு,
கம்பளி ஒரு நூல்கூட மிச்சமில்லாமல்.
கல்லறையில் கொண்டுபோய் வைக்கத்தான் எடுத்தேன்.
குளிராக இருந்தது.
சட்டைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்,
தேவாலயத்தைத் தாண்டியும்.

அசையவில்லை.
முதல் வாரம் அப்படித்தான்.